பேட்டில்ஸ்: நாலு பேர், மூணு பேர், ரெண்டு பேர்

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் பேசப் போகிறவர்கள் நாயனக்காரர் யார் என்று கேட்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 'செட்டு'. பம்பைக்காரருக்குக் காய்ச்சல் என்றால் முக்கூடலில் இருந்து இன்னொருவர் பஸ் ஏறி வருவார். உறுமிக்கு ஆள் இல்லையென்றால் வள்ளியூர்ப் பக்கம் போன் போகும். வந்தவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு வாரைத் தோளில் மாட்டினால் போதும், சாமியாட்டம் தொடங்குவதற்குள் செட்டோடு ஒட்டிவிடுவார். எங்கே ஏற்ற வேண்டும், சாமி வரும்போது எந்த அடி, கரகாட்டக்காரர் சுற்றும்போது எந்த அடி, இதெல்லாம் எல்லாருக்கும் பொதுச் சொத்து. திருநெல்வேலிச் சீமையில் சித்திரையிலும் ஆடியிலும் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் இந்த ஆள் மாற்றம் ஓயாமல் நடக்கிறது. முன்னால் நின்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

கல்யாண வீட்டு லைட் மியூசிக்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கீபோர்டு வாசித்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார் என்றால் அடுத்த வாரம் வேறொருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சினிமாப் பாட்டின் அசல் எல்லார் காதிலும் இருக்கிறது. புதியவர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகிறார் என்பதுதான் கேள்வி.

பாடகர் இல்லாத ராக் குழுவுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் வாசிப்பது அவர்களே உட்கார்ந்து கட்டியது. ஊருக்குப் பொதுவான அடி என்று எதுவும் அதில் இல்லை. பாடகர் இருந்தாலாவது குரலைப் பிடித்துக்கொண்டு காது சமாளிக்கும், பின்னால் கித்தார் மாறியது பலருக்கும் தெரியாமலே போகும். குரல் இல்லாத இடத்தில் ஒவ்வொருவர் கையும்தான் அடையாளம். ஒரு கை போனால் எல்லாருக்கும் கேட்டுவிடும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்கிற உதாரணம் பேட்டில்ஸ். 2002-ல் நியூயார்க்கில் சேர்ந்த குழு. நாலு பேர். இயன் வில்லியம்ஸ், முன்பு டான் கபாயெரோ என்ற குழுவில் கித்தார் வாசித்தவர். ஜான் ஸ்டேனியர், ஹெல்மெட் என்ற முரட்டுக் குழுவின் டிரம்மர். டேவ் கொனோப்கா, பேஸ் என்கிற தாழ்ந்த சுருதிக் கித்தாரும் சாதாரணக் கித்தாரும். நாலாவது டையோண்டை பிராக்ஸ்டன். ஜாஸ் உலகத்தில் பெரிய பெயரான அந்தோணி பிராக்ஸ்டனின் மகன். கித்தார், கீபோர்டு, அப்புறம் ஒரு விசித்திரமான குரல்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2007-ல் வார்ப் நிறுவனம் வெளியிட்ட 'மிரர்ட்' ஆல்பத்தில் 'அட்லஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது. பிராக்ஸ்டன் அதில் பாடுகிறார், ஆனால் ஒரு வரி கூடப் பிடிபடாது. மெஷினுக்குள் விட்டுச் சுருதியை மேலே தூக்கி, கார்ட்டூன் பொம்மை பேசுவதுபோல ஆக்கியிருப்பார். குரலும் அங்கே இன்னொரு வாத்தியம்தான். அதனால்தான் குரல் இருந்தும் இவர்களை நான் வாத்தியக் குழு என்றே கணக்கில் வைக்கிறேன். பாளையங்கோட்டையில் ஹாஸ்டல் அறைகளில் எம்பி3 சிடி கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் 'அட்லஸ்' என்னிடம் வந்தது. வார்த்தை புரியாததற்கு என் இங்கிலீஷ்தான் காரணம் என்று அறைத் தோழன் கிண்டல் செய்தான். அமெரிக்கர்களுக்கும் அது புரியாது என்பது அவனுக்கும் தெரியாது.

இவர்களுடைய சத்தம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் போனால் என்ன ஆகும் என்பது இதில்தான் இருக்கிறது. அடிப்படை, லூப். வாசித்த ஒரு துண்டை மெஷின் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். கொனோப்கா கித்தாரில் ஒரு துண்டை வாசித்து, காலால் பெடலை மிதித்து அதைச் சுழலவிடுவார். அது சுழல ஆரம்பித்ததும் ஸ்டேனியர் டிரம்ஸோடு உள்ளே வருவார். சாதாரணமாக ராக் குழுவில் டிரம்மர்தான் காலம் சொல்வார், மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இங்கே தலைகீழ். மெஷின் காலம் சொல்கிறது, டிரம்மர் அதற்குள் உட்கார வேண்டும். மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்த சுற்றில் வழுக்கல் அப்பட்டமாகத் தெரியும். ஸ்டேனியர் ஏன் இந்தக் குழுவின் தூண் என்பதற்கு இது போதும்.

அந்த அடித்தளத்தின் மேல் வில்லியம்ஸ். ஒரு கை கித்தாரின் கழுத்தில் நரம்புகளைத் தட்டும், மறு கை அதே நேரம் கீபோர்டில் இருக்கும். அதற்கும் மேலே பிராக்ஸ்டனின் குரல், கீபோர்டு, இன்னொரு கித்தார். 'மிரர்ட்' கேட்கும்போது மேல் ஸ்தாயி முழுக்க நெரிசலாக இருப்பது இதனால்தான். நாலு பேர் தனித்தனியாகப் போட்ட துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் இன்னொருவர் விட்ட சந்தில் மட்டுமே நுழைய முடியும். அட்டைப் படத்தில் ஆட்களே இல்லை. கண்ணாடி அறைக்குள் வாத்தியங்கள் மட்டும் நிற்கும், அவற்றின் பிம்பங்கள் எல்லாப் பக்கமும். சத்தத்துக்குப் பொருத்தமான படம்.

இரண்டாவது ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2010 ஆகஸ்டில், பிராக்ஸ்டன் விலகினார். ஊர் ஊராகப் போய் வாசிப்பதில் அவருக்கு விருப்பமில்லை என்பது மற்றவர்கள் சொன்ன காரணம். லூப் அடுக்கிக் கட்டிய இசையில் ஒருவருடைய பங்கை மட்டும் பக்குவமாக உருவி எடுப்பது லேசான காரியமில்லை. மூன்று பேரும் அவருடைய பகுதிகளை நீக்கிவிட்டுக் கிட்டத்தட்ட புதிதாகவே கட்டினார்கள். ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாடக்கெட் ஊரில் உள்ள 'மெஷின்ஸ் வித் மேக்னெட்ஸ்' ஸ்டுடியோவில் வேலை முடிந்து, 2011 ஜூனில் 'குளோஸ் டிராப்' வந்தது. அட்டையில் ஒரு பிசுபிசுத்த ரோஸ் நிறப் பிண்டம். அதைச் செய்தது கொனோப்கா.

பிராக்ஸ்டனுக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்க்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே இன்னொரு ஆல்பத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குழுவில் இருக்கும்போதே, 2009-ல், பிராக்ஸ்டன் 'சென்ட்ரல் மார்க்கெட்' என்று தனியாக ஒன்று வெளியிட்டார், ஆர்க்கெஸ்ட்ராவோடு. துள்ளும் மெட்டுகள், பொம்மைக் குரல்கள், எழுதி வைத்து வாசித்த கறாரான அமைப்பு. அதையும் 'குளோஸ் டிராப்'பையும் அடுத்தடுத்துக் கேட்டால் 'மிரர்ட்' இரண்டாகப் பிரிந்து நிற்பது தெரியும். இங்கே இருப்பது அங்கே இல்லை, அங்கே இருப்பது இங்கே இல்லை. மெட்டும் குறும்பும் அவரோடு போயின. வெப்பமும் ஆட்டமும் இவர்களிடம் தங்கின. 'மிரர்ட்' வந்தபோது இதைப் பிரித்துச் சொல்லியிருக்க யாராலும் முடியாது.

சரி, போனவர் எதைக் கொண்டுபோனார் என்பது இவ்வளவில் விளங்கிவிடுகிறது. எனக்கு வெகுநாள் விளங்காமல் இருந்தது வேறொன்று. ஒருவர் குறைந்த பிறகு ஸ்டேனியரின் டிரம்ஸ் ஏன் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கிறது? அதே ஆள், அதே கை. இதற்கு எனக்கு விளக்கம் தந்தவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தவில்காரர் ஒருவர். செங்கோட்டை பாசஞ்சரில் பழக்கமானவர், எனக்கு அண்ணாச்சி. ராக் இசை என்றால் தலைவிரி கோலம் என்ற அளவில் அவருக்கு அபிப்பிராயம். ஒருநாள் கிராசிங்குக்காக வண்டி சேரன்மகாதேவியில் நின்றபோது ஹெட்செட்டின் ஒரு முனையை அவர் காதில் வைத்து 'அட்லஸ்' போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் பையின் மேல் ஓட ஆரம்பித்தன.

"திஸ்ரம்லா இது தம்பி. இத வெள்ளக்காரன்கிட்ட இருந்தா கேக்கணும்?"

உண்மைதான். 'அட்லஸ்' மூன்று மூன்றாக நடக்கிற பாட்டு. நையாண்டி மேளத்தில் ஊறிய காதுக்கு அது சொந்தக்கார வீடு. அப்புறம் 'குளோஸ் டிராப்'பில் இருந்து 'வால் ஸ்ட்ரீட்' போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அதே ஆள்தானா என்று கேட்டார். அதே ஆள்தான், நடுவில் குழுவிலிருந்து ஒருவர் போய்விட்டார் என்றேன்.

"அதான. மொதல்ல கேட்டதுல இவன் கைய யாரோ கட்டி வச்சிருந்திருக்கான். இதுல அவுத்து விட்ருக்கானுவ."

அப்புறம் தன் கதையைச் சொன்னார். அவரோடு வெகுகாலம் இரண்டாவது தவில் வாசித்தவர் ஒருவர். நல்ல வேகக்காரர். தவிலின் வலப் பக்கமான வலந்தலையில் விரல் ஓட்டம் முழுக்க அவர் பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் ஓடினால் நாயனம் அமுங்கிப்போகும் என்பதால் அண்ணாச்சி அடக்கி வாசித்தே பழகிவிட்டார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, பழக்கமாகவே வந்தது. அந்த ஆள் தனி செட்டு போட்டுக்கொண்டு போன பிறகு முதல் சில கச்சேரிகள் கை எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியதாம். பிறகுதான் இடப் பக்கமான தொப்பியில் கழி பேச ஆரம்பித்தது. "தொப்பியில இவ்வளவு கெடக்குன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது தம்பி" என்றார். வண்டி அதற்குள் நகர்ந்து காருகுறிச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. காருகுறிச்சி வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு அருணாசலத்தை நினைத்து ஒரு கும்பிடு போடுவார். நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1921-ல் பிறந்து 1964-ல் போய்விட்டவர். குருவோடு சேர்ந்து வாசித்துவிட்டுப் பிறகு தனியே நின்ற ஒருவரைப் பற்றி அந்த ஊரைத் தாண்டும்போது பேச நேர்ந்தது தற்செயல்தான். ஆனால் அண்ணாச்சி அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்றைக்கு அவர் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அதன்பிறகு ஆள் குறைந்த எல்லாக் குழுக்களையும் கேட்டு வருகிறேன். குழு நன்றாக ஓடும்போது ஒவ்வொருவரும் மற்றவருக்காக எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வெளியே கேட்காது, அவர்களுக்கே தெரியாது. ஒருவர் இறங்கியதும் அவருக்காக அடங்கியிருந்தது வெளியே வருகிறது. புதிய சத்தம் என்று நாம் சொல்வதில் பாதி அதுதான். ஸ்டேனியர் தன் ஒரே கிராஷ் சிம்பலை, அதாவது ஓங்கி அடிக்கிற உலோகத் தட்டை, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் கையை முழுக்க நீட்டித்தான் அதை அடிக்க முடியும். வீடியோவைக் காட்டியபோது அண்ணாச்சி ரசித்துச் சிரித்தார்: "எழும்பி அடிக்கணும்னா ரெண்டு தடவ யோசிப்பாம்லா." தன்னை அடக்கிக்கொள்ள வழி செய்து வைத்திருக்கிற மனுஷன், அடக்கத்துக்கு வெளியிலிருந்து இருந்த ஒரு காரணமும் போனதும் எப்படி வாசிக்கிறார் என்பதற்கு அதே 'குளோஸ் டிராப்'பின் 'ஆப்பிரிகாசில்', 'ஃபியூச்சுரா' இரண்டையும் கேளுங்கள்.

'குளோஸ் டிராப்'பில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டில் நான்கு பாட்டுக்கு விருந்தாளிக் குரல்கள். 'ஐஸ் கிரீம்' பாடிய மதியாஸ் அகுவாயோ, 'மை மெஷின்ஸ்' பாடிய கேரி நியூமன், 'ஸ்வீட்டி அண்ட் ஷாக்'கில் காசு மகினோ, 'சண்டோம்'மில் யமட்சுகா ஐ. 'ஐஸ் கிரீம்' நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளி வந்தவுடன் மூன்று பேரும் பழையபடி கையை அடக்கிக்கொள்கிறார்கள். குரல் போன பயத்தில் குரல்களைக் கூப்பிட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. 'சண்டோம்' மட்டும் விதிவிலக்கு. அங்கே குரலும் அடித்துக்கொண்டு ஓடுகிற வாத்தியம்தான்.

நான்கு வருஷம் கழித்து, 2015-ல், அந்தப் பயம் தெளிந்துவிட்டது. 'லா டி டா டி' ஆல்பத்தில் குரலே கிடையாது. இதைக் காய்ந்துபோன ஆல்பம் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு இதுதான் அவர்கள் செய்ததிலேயே நேர்மையான வேலை. முதல் பாட்டு 'தி யாபா' அவசரமே இல்லாமல் ஒவ்வொரு துண்டாகக் கொண்டுவந்து வைக்கிறது. லூப்கள் எந்த அலங்காரமும் இல்லாமல் தெரிகின்றன. எது எங்கே தொடங்கிச் சுழல்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். கொனோப்காவின் பேஸ் கீழே தடிமனாக இருக்கிறது. நடுவில் காலி இடம் இருக்கிறது, அதை யாரும் அடைக்கப் பார்க்கவில்லை. 'சம்மர் சிம்மர்' கேட்கும்போது டிரம்ஸும் லூப்பும் ஒன்றை ஒன்று துரத்துவது தனியாகக் காதில் விழும். மூன்று பேர் மூன்று பேராகவே ஒலிக்கிறார்கள்.

இயன் வில்லியம்ஸுக்கு இந்த நாடகம் புதிதில்லை. ஒருகாலத்தில் போனவர் பக்கம் நின்றவர் அவர். பிட்ஸ்பர்க் நகரத்தின் டான் கபாயெரோ முழுக்க முழுக்க வாத்தியக் குழு. டிரம்மர் டேமன் ஷே அதன் காட்டாற்று வெள்ளம். 2000-ல் 'அமெரிக்கன் டான்' வந்தது. வில்லியம்ஸ் அதிலேயே லூப் பெடலை வைத்து மெல்லிய துண்டுகளைச் சுழலவிட ஆரம்பித்துவிட்டார். அதே வருஷம் குழு உடைந்தது. பிற்பாடு ஷே பெயரை வைத்துக்கொண்டு புது ஆட்களோடு திரும்பி வந்து, 2006-ல் ரிலாப்ஸ் நிறுவனத்தின் மூலம் 'வேர்ல்டு கிளாஸ் லிசனிங் பிராப்ளம்' வெளியிட்டார். கித்தார் இறுகி, மெட்டல் பக்கமாகச் சாய்ந்து, நேர்கோட்டில் போகிற ஆல்பம். வில்லியம்ஸ் இருந்தவரை டிரம்மருக்கும் கித்தாருக்கும் ஓயாத இழுபறி இருந்தது. ஒருவர் வெள்ளமாக வந்தால் மற்றவர் சுழல் போடுவார். அவர் போனதும் இழுக்க ஆள் இல்லாமல் ஷேயின் முரட்டுத்தனம் முழுதாக வெளியே வந்தது. வில்லியம்ஸின் சுழல் பேட்டில்ஸில் போய் வேரூன்றியது. ஆக, ஒரு குழு உடைந்ததில் இரண்டு பேரின் கையும் அவிழ்ந்தது.

எல்லாக் குழுவிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. கிளாஸ்கோவின் மொக்வாய் குழுவிலிருந்து கித்தார் வாசித்த ஜான் கம்மிங்ஸ் 2015-ல் போனார். இருபது வருஷ ஆள். 2017-ல் வந்த 'எவ்ரி கன்ட்ரிஸ் சன்' கேட்டால் பெரிய பிளவு எதுவும் தெரியாது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே அலையைக் கட்டுகிறவர்கள், ஆளுக்கொரு வயல் என்று பிரித்துக்கொண்டவர்கள் இல்லை. ஒருவர் பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடிந்தது. அந்த விதத்தில் மொக்வாய் நம்மூர் செட்டுக்குப் பக்கத்தில் வருகிறது.

பேட்டில்ஸில் இரண்டாவது இடி 2018-ல் விழுந்தது. கொனோப்கா போய்விட்டார். பிராக்ஸ்டன் போனபோது கூரைதான் போயிற்று, இப்போது தரை. லூப்பைக் கீழே விரித்தவர் அவர், பேஸ் அவர், அட்டைப் படம் முதற்கொண்டு அவர். மிஞ்சியது வில்லியம்ஸும் ஸ்டேனியரும். 2019 அக்டோபரில் 'ஜூஸ் பி கிரிப்ட்ஸ்' வந்தபோது இரண்டே பேர் என்றால் எலும்பும் தோலுமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அவர்கள் செய்ததிலேயே நெரிசலான ஆல்பம். வெட்டி வெட்டி ஒட்டிய எலெக்ட்ரானிக் துண்டுகள். விருந்தாளிகளும் திரும்பி வந்துவிட்டார்கள். யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன், டியூன்-யார்ட்ஸ், ஷபாஸ் பேலஸஸ், லிக்விட் லிக்விட் குழுவின் சால் பிரின்சிபாட்டோ என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம்.

அண்ணாச்சியின் சூத்திரம் இதற்கும் பொருந்துகிறது, சந்தோஷம் தராத விதத்தில். வில்லியம்ஸின் ஆசைகளுக்குக் கடிவாளமாக இருந்தவர் கொனோப்கா என்று இப்போது தெரிகிறது. முன்பெல்லாம் லூப் ஒரு மனுஷக் கை வாசித்த துண்டு. ஓரம் கொஞ்சம் பிசிறியிருக்கும், அந்தப் பிசிறில் ஸ்டேனியர் சாய்ந்துகொள்வார். இங்கே துண்டுகள் பிளேடால் நறுக்கியதுபோல இருக்கின்றன, அடுத்தடுத்து மாறிக்கொண்டே போகின்றன. டிரம்ஸ் ஒரு இடத்தில் வேர் பிடிப்பதற்குள் தளம் மாறிவிடுகிறது. 'டைட்டானியம் டூ ஸ்டெப்' மட்டும் எனக்குப் பிடிக்கும். பிரின்சிபாட்டோ கத்துகிற கத்தலில் ஒரு தெருக்கூத்துச் சூடு இருக்கிறது.

அண்ணாச்சிக்கு அதுவும் பிடிக்கவில்லை. பாதியிலேயே ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு கூட்டம்? பாவம், அந்த டிரம்ஸ்காரன் ஒத்தையா நின்னு வாசிச்சா நான் வள்ளியூர் வரைக்கும் நடந்துபோய்க் கேப்பேன்."

வில்லியம்ஸ் இல்லாமல் அவர் தனியாக என்ன வாசிப்பார், எதன் மேல் ஏறி வாசிப்பார் என்று நான் வாதாடினேன். "ஏன், நான் வாசிக்கலையா?" என்றார். கீழாம்பூர் வரைக்கும் சண்டை ஓடியது.